துடுப்பா, ஈயக்குண்டா?

தங்கராசு,

நேரில் சொன்னால் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும், அதனால் எழுதுகிறேன். என் குரல் எந்த உயரத்தில் போகிறது என்று எனக்கே தெரிவதில்லை. உனக்குப் பெண் பார்த்திருக்கும் விஷயத்தை உன் அம்மாவின் காதோரம் கிசுகிசுத்ததாகத்தான் நினைத்திருந்தேன். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கங்காணி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரெம்பியாவுல சம்பந்தமாமே, சொல்லவே இல்ல!" என்று எனக்குப் புரியும்படி வாயை அகலத் திறந்து கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆகவே ரகசியம் பேச எனக்குக் காகிதத்தை விட்டால் வேறு வாய் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடவில்லை. ஆலையில் உன் பக்கத்தில் நிற்கிற பையன்களும் படிக்கட்டும். அவர்கள் அப்பாமார்கள் எழுதத் தெரியாதவர்கள். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாவது வரை தந்தது. அவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். கல்யாணச் செலவு வருவதற்குள் படகுக்கு ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும், புதுத் துடுப்பா, ஈயக்குண்டா என்று. மீனைக் கண்டுபிடிக்க இரண்டில் எது நல்லது என்று. நான் "பாப்பம்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஏன் என்று கேட்பாய். ஏன் என்பதைச் சொல்ல எனக்கு இத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கண்டுபிடித்துவிட்டதாக நீ பெருமைப்படக் கூடாது: இந்தக் கடிதத்தில் பாதிக்குமேல் பொறாமைதான். பெற்ற மகன்மேல் ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்காதே. படுவான். நான் படுகிறேன்.

படகில் உட்காராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுங்கை ஊடாங் பக்கத்துக் கழிமுகத்தில் தண்ணீர் பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்தில் இருக்கும். முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. மீன் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு வழிகள். ஒன்று, பாகத்துக்கு, அதாவது இரண்டு கை விரித்த நீளத்துக்கு, ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவது. குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும்; அதில் சவுக்காரத்தை அழுத்தி வைத்தால், தூக்கும்போது அடித்தரை அதில் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, சிப்பி உடைசலா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிடலாம். எந்தத் தரையில் எந்த மீன் மேயும் என்று தெரிந்தவனுக்கு அது போதும். இன்னொன்று, துடுப்பு. அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியின் முனையில் காதை வைத்துக் கேட்பது. கிளாமா மீன் கூட்டமாக நின்றால் கொர் கொர் என்று உறுமும் என்கிறார்கள். 'என்கிறார்கள்' என்றுதான் என்னால் எழுத முடியும். நான் அதைக் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாய்.

அந்த முதல் சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். நம் பக்கத்தைக் கம்யூனிஸ்டு பயமில்லாத வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, முள்வேலிக் கதவைத் திறந்துவிட்ட வருஷம். அதுவரை அரிசியை அளந்து தந்து, வேலைக்குப் போகும்போது சோற்றுக் கிண்ணம்கூட வெளியே போகாமல் தடவிப் பார்த்து, இருட்டுக்கு முன்னால் மாடுகளைப்போல் உள்ளே அடைத்தார்கள். காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாம் சோறு போட்டுவிடுவோமாம். நமக்கே இல்லாத சோற்றை! கதவு திறந்த அன்று எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள், நான் கதவுக்குப் போனேன். கழற்றி எறிந்திருந்த பெரிய பூட்டை எடுத்துவந்தேன். "அத வச்சு என்னா செய்யப் போறீங்க, நம்மளையே பூட்டிக்கவா?" என்று உன் அம்மா கேட்டாள். பிறகு மலாய்க் கம்போங்கில் மீன்பிடிக்கிற பாக் மாட்டிடம் அந்தப் பழைய படகை வாங்கியபோது பூட்டுக்கு வேலை கிடைத்தது. கயிற்றில் கட்டி, அடியில் சவுக்காரம் தடவி, ஆழம் பார்க்கும் குண்டாக்கிக்கொண்டேன். நம்மைப் பூட்டி வைத்திருந்தது அடிச்சேற்றில் முகம் புதைப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு திருப்தி.

படகு இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் முட்டுகிற அகலம். விற்ற கையோடு பாக் மாட் துடுப்பில் காதை வைத்து உனக்குக் காட்டினார், அவ்வளவுதான். நீ ஒரு முறை வைத்தாய், கண்ணை மூடினாய், உன் முகம் மாறியது. கல்யாண வீட்டில் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஒரு முகம். "யப்பா, பேசுதுப்பா!" என்று என் வலது காதில் கத்தினாய். வலது காதில்தான் எனக்குக் கொஞ்சம் மிச்சம். உன் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கி நானும் காதை வைத்தேன். வலதை வைத்தேன், இடதை வைத்தேன், நெற்றியை வைத்தேன். கடைசியில் பிடியின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், எலும்பு வழியாகவாவது ஏதாவது வராதா என்று. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "யப்பா, பசிச்சா வீட்டுக்குப் போவோம்லா, தொடுப்ப ஏன் திங்கிறீங்க?" நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கடலுக்கு நடுவில் வைத்து, உன்னை வெறுத்தேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் வெறுத்தேன்.

உன் காதுமேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்று பிறந்ததல்ல. வேலிக்குள் இருந்த வருஷங்களில் லயத்துக்கே உன் காதுதான் காவல். ராணுவ லாரி பெரிய வளைவு திரும்புவதற்கு முன்பே நீ சொல்லிவிடுவாய், "ரெண்டு லாரி, ஒண்ணு பெருசு" என்று. அளவுக்குமேல் ஒரு பிடி அரிசி வைத்திருக்கிற பெண்கள் அதற்குள் அதைச் சாம்பலுக்கடியில் புதைத்துவிடுவார்கள். ஒரு நாளும் நீ தப்பியதில்லை. மேல்வீட்டுக்காரி உனக்கு வடை கொடுப்பாள், கீழ்வீட்டுக்காரி முறுக்குக் கொடுப்பாள். எல்லாரும் என்னைப் பார்த்து, "ஒங்க மவனுக்கு நாய்க் காதுண்ணே" என்பார்கள். நான் அவர்கள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவேன். நான் செவிடாகிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாமல் நான் அதைக் காப்பாற்றிவந்தேன், அந்தப் பெண்கள் அரிசியைக் காப்பாற்றியதுபோல்.

பிறகு அந்த வேலிக் கதவுச் சம்பவம். ஆலையில் வேலை முடிய நேரமாகி, மசங்கும் நேரத்தில் நான் கதவை நோக்கி நடந்துவருகிறேன். காவலுக்கு நின்றவன் புதியவன், நம் தோட்டத்தானில்லை. நில் என்று கத்தியிருக்கிறான். மறுபடி கத்தியிருக்கிறான். நான் தலையைக் குனிந்தபடி, இன்றைக்குக் குழம்பில் கருவாடு இருக்குமா என்று நினைத்துக்கொண்டு நடக்கிறேன். உள்ளே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த உனக்கு அவன் துப்பாக்கியைத் தயார் செய்த சத்தம் கேட்டிருக்கிறது. வாளியைப் போட்டுவிட்டுக் கதவுக் கம்புக்கடியில் நுழைந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாய். ஓடும்போதே மலாயில் கத்தியிருக்கிறாய்: "பெக்காக்! அப்பா பெக்காக்!" செவிடு, என் அப்பா செவிடு. அவன் துப்பாக்கியை இறக்கினான். நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்ததும் நான் என்ன செய்தேன்? கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் உன்னை அறைந்தேன்.

உயிரைக் காப்பாற்றியதற்கு அறையா என்று அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன். நீ கத்தியது தோட்டம் முழுக்கக் கேட்டது. மறுநாள் முதல் எனக்குப் பெயரே பெக்காக் ஆகிவிட்டது. அது போகட்டும். ஆபீஸ் கிராணி காதுக்கும் போயிற்று. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிராணி என்னைக் கூப்பிட்டு, செவிடனை மிஷினில் வைத்தால் ஆபத்து, நிறுத்து என்று சத்தம் போட்டால் உனக்குக் கேட்காது, நாளை முதல் புல்லுவெட்டுக்குப் போ என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான் என்று நீ நினைக்கலாம். ஆனால் அந்த மிஷின்தானே என்னைச் செவிடாக்கியது? மரத்திலேயே காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலை உருளைகளுக்கிடையில் தள்ளித் தள்ளிக் கொடுக்கும் இடத்தில் என்னை எத்தனை வருஷம் நிறுத்தினார்கள். தகரக் கூரை, சிமென்டுத் தரை, நடுவில் அந்த இரும்பு. பட்டணத்திலிருந்து மிஷின் பார்க்க வந்த வெள்ளைக்காரர் உள்ளே நுழையும்போதே இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டார். காதில் பஞ்சு வைக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். எங்களுக்கு யாரும் தரவில்லை, சொல்லவும் இல்லை. இரைச்சலாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், அழுக்கு அடைத்திருக்கிறது என்று காதில் எண்ணெய் விட்டு அனுப்பினார்கள். காதைத் தின்றது மிஷின், வேலையை விட்டுப் போகவேண்டியவன் நான். மிஷின் அங்கேயே இருக்கிறது. யாரும் அதைப் புல்லுவெட்டுக்கு அனுப்பவில்லை.

இந்த இடத்தில்தான் நீ போய் நின்றாய். உனக்குப் பெண் தருகிற ரெம்பியாக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் நம் வீட்டுக்கு வந்து காப்பித்தண்ணி குடித்துக்கொண்டே அவர் போட்ட நிபந்தனை எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "பால்மரம் வெட்டுறவனுக்கு மழ பெஞ்சா சம்பளம் இல்ல சம்பந்தி. பேக்டரில நின்னா மழையிலயும் சம்பளம். எம் பொண்ணு மழைக்காலத்துலயும் சாப்புடணும்ல?" அவர் உதடு தெளிவாக அசையும், ஒரு வார்த்தை நான் தவறவிடவில்லை. நீ அவரைப் பார்த்துத் தலையாட்டிய விதம் இருக்கிறதே, என்னைப் பார்த்து நீ ஒரு நாளும் அப்படித் தலையாட்டியதில்லை. மறு மாதமே ஆலையில் உனக்கு இடம் கிடைத்தது. எந்த இடம்? ஒட்டுப்பால் உருளை. என் இடம். நான் நின்று நின்று சிமென்டில் குழி விழுந்திருக்கும் அதே இடம்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். "அந்த எடம் வேணாம்டா" என்று ஆரம்பித்தேன். நீ சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "ஏன், ஒங்க எடமுன்னு எழுதி வச்சிருக்கா?" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் உன் அம்மா அடுப்பை விட்டுத் திரும்பி, எனக்குத் தெரியும்படி நேராகப் பார்த்து, "என்னாங்க, பெத்த புள்ள மேலயே பொறாமையா?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே எரிந்தது. நான் பத்து வருஷம் புல்லுவெட்டியும் மரம் வெட்டியும் காத்திருந்து பெற்ற இடத்தை நீ மாமனார் பேச்சில் ஒரு மாதத்தில் பெற்றாய். என்னைத் துரத்திய இடத்தில் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அந்த எரிச்சல் இருந்ததால் என் பயத்தை நானே நம்பவில்லை. நான் எச்சரித்தால் அது பொறாமை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். என் வாயை நானே மூடிக்கொண்டேன். தங்கராசு, இதை நன்றாகக் கேட்டுக்கொள். ஒருவன் பொறாமைக்காரனாகவும் இருக்கலாம், அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பொறாமை தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டு உண்மையையும் சேர்த்து விழுங்கினேன் பார், அது என் முட்டாள்தனம். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், பொறாமையோடு சேர்த்தாவது சொல்லிவிடு.

இனி, நீ ஆலைக்குப் போன பிறகு வந்த அந்தச் சாயங்காலம். வேலை முடிந்து நேராகப் படகுக்கு வந்தாய். ஆற்று வளைவுக்கு வெளியே நிறுத்தித் துடுப்பில் காதை வைத்தாய். ரொம்ப நேரம் வைத்திருந்தாய். தலையை ஆட்டினாய், இல்லை என்று. இடம் மாற்றலாம் என்று கையைக் காட்டினாய். நான் வீம்புக்குத்தான் பூட்டை இறக்கினேன். சவுக்காரத்தில் ஒட்டிவந்தது நல்ல கறுப்புச் சேறு, வெண்ணெய் மாதிரி, மணல் ஒரு பொட்டும் இல்லை. தூண்டிலைப் போட்டேன். போட்ட கையோடு இழுத்தது. கிளாமா. அடுத்ததும் கிளாமா. நீ இல்லை என்று தலையாட்டிய இடத்தில், உன் காதுக்குக் கீழே, கூட்டமே நின்றிருக்கிறது. கூடை நிறைந்தது. நான் குதித்ததில் படகு கவிழப் பார்த்தது. "எங்கடா போச்சு ஒன் நாய்க் காது? செவிடன் புடிச்சேன்டா! பெக்காக் புடிச்சேன்!" என்று நான் கத்தியது கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டதாம். வீட்டுக்கு வந்து கதவு கதவாக மீன் கொடுத்தேன். மீனைக் கொடுக்கவா போனேன்? கதையைக் கொடுக்கப் போனேன். இத்தனை வருஷத்தில் உன்னை ஒரு நாள் ஜெயித்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு உருப்படியாகத் தூக்கம்கூட வரவில்லை.

நீ மட்டும் துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அலகின் ஓரத்தில் ஒரு வெடிப்பைக் காட்டினாய். "தொடுப்பு வெடிச்சுப்போச்சுப்பா, அதான் கேக்கல. பேசாம ஈயக்குண்டே வாங்கிருவோம்லா. காது எதுக்கு, கை போதும்." அப்போது அது எனக்கு இனிப்பாக இருந்தது. என் வழிக்கு வந்துவிட்டான் மகன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நல்ல துடுப்பை வீணாக்குவானேன் என்று மறுநாள் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாக் மாட்டிடம் போனேன், வெடிப்பை அடைக்க முடியுமா என்று கேட்க. அவர் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார், இது ஒன்றுமில்லை என்பதுபோல். அவர் வீட்டுப் படித்துறையிலிருந்தே துடுப்பைத் தண்ணீரில் விட்டு, பிடியில் காதை வைத்தார். வைத்த உடனே அவர் முகத்தில் அந்தப் பழைய முகம் வந்தது, முதல் நாள் உன்னிடம் பார்த்த முகம். "பான்யாக்!" என்றார், நிறைய என்று பத்து விரலையும் விரித்துக் காட்டி. அவர் என்னைவிட எவ்வளவு மூத்தவர்! பேரன் பேத்தி எடுத்த கிழவர், பல் பாதி இல்லை, அவருக்குக் கேட்கிறது. அவர்மேலும் எனக்குப் பொறாமை வந்தது, மறைக்கவில்லை. துடுப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். பாதி வழியில் மிதிப்பதை நிறுத்தினேன். துடுப்பில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்படியென்றால் கெட்டுப்போனது எது?

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன் கேட்காமல் நான் நின்றேன் என்று அதை ஓட்டியவர் இறங்கிவந்து திட்டினார். திட்டட்டும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவை விளக்குக்கு முன்னால் உட்கார வைத்து, அவள் உதடு தெரியும்படி, கேட்டேன். அவள் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள். "ரெண்டு மூணு தடவ கூப்புட்டாத்தான் திரும்புறான். சாயந்தரம் வந்தா காதுல வண்டு கத்துற மாரி இருக்குன்னு தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் படுக்குறான். காலையில சரியாப் போயிருதுன்னான். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்." ஏன் என்று கேட்டேன். "சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சிருப்பான்" என்றாள்.

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஒரு செய்தி மாதிரிதான் சொன்னாள். ஆனால் நான் கூடை மீனோடு கதவு கதவாக நின்றது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நீ வாசலில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எதைக் கொண்டாடுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் இந்தத் தோட்டத்தில் என்னைவிடப் படித்தவன் கிடையாது. சாயங்காலம் வண்டு கத்தும், காலையில் போய்விடும். அதுதான் முதல் படி. அப்படித்தான் எனக்கும் ஆரம்பித்தது. காலையில்தான் போய்விடுகிறதே என்று நானும் நினைத்தேன். பிறகு காலையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகும். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போகாது. வண்டு போன அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், சனியன் விட்டது என்று. வண்டு மட்டும் போகவில்லை, எல்லாமும் சேர்ந்து போயிருந்தது. நீ இன்னும் முதல் படியில்தான் நிற்கிறாய். இறங்கலாம். இறங்கிவிடு.

மழைக்காலத்தில் சம்பளம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆலைக்குள்ளேயே உருளை இல்லாத இடங்கள் இருக்கின்றன. புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டு காயப்போடுகிற இடம் இருக்கிறது, கண் எரியும், காது பிழைக்கும். பெட்டி அடிக்கிற கொட்டகை இருக்கிறது. பால் லாரியில் ஏறுகிற வேலை இருக்கிறது. கிராணியிடம் நீ போய் மெதுவாகக் கேள். தராவிட்டால் நான் போகிறேன். என்னால் மெதுவாகக் கேட்க முடியாது, அது உனக்கே தெரியும். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பேசினால் ஆபீஸில் டைப் அடிக்கிறவன் முதல் பங்களாவில் பூனைக்குச் சோறு வைக்கிறவன் வரை எல்லாருக்கும் கேட்கும். ஒட்டுப்பால் மிஷின் எத்தனை பேர் காதைத் தின்றிருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்பேன். முதல் பெயர் என்னுடையது. இந்தக் குரலைத் தந்தது அவர்கள்தானே, அவர்களே கேட்கட்டும். அதுவரை, வெட்கப்படாமல் காதில் பஞ்சை மெழுகில் தோய்த்து வைத்துக்கொள். பக்கத்தில் நிற்கிற பையனுக்கும் கொடு. நிறுத்து என்று யாராவது கையைக் காட்டினால் தெரியும்படி, அடிக்கடி கண்ணைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துக்கொள்.

ரெம்பியாவுக்கும் நானே போகிறேன். உன் மாமனார்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறேன், முடியுமா தெரியாது. அவரிடம் ஒன்றுதான் சொல்வேன். உருளையில் நின்றால் மழையிலும் சம்பளம் வரும், சரி. ஆனால் உங்கள் மகள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. எத்தனையோ வருஷமாக ஒரு பெண் தன் புருஷனிடம் ஒரு வார்த்தையும் மெதுவாகப் பேச முடியாமல் இருக்கிறாள், வந்து பாருங்கள் என்று உன் அம்மாவைக் காட்டுவேன். அவள் எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் ஊருக்கே சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் பாதியைச் சொல்லாமலே விட்டுவிட்டாள். என்னென்ன விட்டாள் என்று எனக்குத் தெரியாது. உனக்கு வரப்போகிற பாக்கியத்துக்கு அது வேண்டாம்.

இனி உன் கேள்விக்குப் பதில். துடுப்பும் வேண்டாம், ஈயக்குண்டும் வேண்டாம். எனக்குப் பூட்டு இருக்கிறது, அது இன்னும் நன்றாகவே மூழ்குகிறது. உனக்குத் துடுப்பு இருக்கிறது. கிழவர் காதை வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். புதிதாக மாற்றவேண்டியது நீ நிற்கிற இடத்தை மட்டும்தான். வைத்திருக்கிற காசில் பாக்கியத்துக்கு ஏதாவது வாங்கிக்கொடு, எனக்கு வாங்காதே.

தீபாவளிக்கு ஆலையை மூடுவார்கள். அந்த விடுமுறையில் மிஷின் பக்கம் போகாதே, பட்டாசுக்குப் பக்கத்தில் நிற்காதே, உன் அம்மாவிடம்கூட மெதுவாகவே பேசு. கடைசி நாள் சாயங்காலம் படகுக்கு வா. அதே வளைவுக்கு வெளியே நிறுத்துவோம். நீ கையைக் காட்டும்வரை நான் பூட்டை இறக்கமாட்டேன், தூண்டிலைத் தொடமாட்டேன், வாயைத் திறக்கமாட்டேன். காதை வை. எவ்வளவு நேரம் ஆனாலும் வை. அந்த முகம் உனக்கு வரும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எரியும். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன், அதைப் பார்த்து நீ சிரி, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சிரி. என்னிடம் இருந்ததையெல்லாம் அந்த மிஷின் எடுத்துக்கொண்டது. பொறாமைப்படவாவது எனக்கு ஏதாவது மிச்சம் வை.

உன் அப்பா